ஆறு மணி நேரச் சாட்சி

மேடை 7 – பதிவு 112
2081 நவம்பர் 4, காலை 09:00

வங்கக் கடல், வடக்கு 14 பாகை, கிழக்கு 89 பாகை. காற்று மணிக்கு 22 கி.மீ. அழுத்தம் 1008. கடல்நீரின் வெப்பம் 31.4. ஆறு நங்கூரச் சங்கிலிகளும் சரியாக இருக்கின்றன. குடிநீர் 640 லிட்டர்.

பணியில் இருப்பவர் ரொசிட்டா மோத்தா, கடல் நோக்கர், வயது 38, ஊர் மணப்பாடு. வேறு யாரும் இல்லை. முன்பு இங்கே மூன்று பேர் இருந்தோம். சென்ற ஆண்டு உறுப்பு நாடுகள் செலவைக் குறைத்தபோது ஒருவர் போதும் என்று முடிவானது.

இதை யார் எப்போது படிப்பீர்கள் என்று தெரியாது. அதனால் இந்த மேடை எதற்காக இங்கே மிதக்கிறது என்பதை மாதம் ஒரு முறை எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எழுதிவிடுகிறேன்.

கூட்டுக் காப்பு உடன்படிக்கையில் நூற்றுப் பதினெட்டு நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வசதிக்கு ஏற்றபடி ஒரு பங்கு போடுகிறது. எந்தக் கரைக்குப் புயல் போகிறதோ, அது போய்ச் சேரும் முன்பே அந்தக் கரையில் பதிவாகியிருக்கும் ஒவ்வொருவரின் கைபேசிக்கும் பணம் போய்விடும். படகுக் கூலி, பத்து நாள் சாப்பாடு, மருந்து. கையில் காசு இருந்தால்தான் இல்லாதவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். இல்லையென்றால் ஆட்டையும் அரிசிப் பானையையும் காத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார்கள்.

புயல் நிஜமாகவே வருகிறது என்று சொல்வது இந்த மேடையின் வேலை. கருவிகள் சொன்னால் மட்டும் போதாது. அழுத்தம் 970க்குக் கீழே தொடர்ந்து ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மணி முடிவிலும் உயிருள்ள ஒரு மனிதர் மேடையில் இருந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். என் இடது மணிக்கட்டில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினாலோ, நான் மேடையைவிட்டு இறங்கினாலோ சாட்சி முறிந்துவிடும். கருவிகளை யாராவது ஏமாற்றிப் பணத்தை வாங்கிவிடுவார்களோ என்று கொடுக்கிற நாடுகளுக்குச் சந்தேகம். அதற்காக ஒரு மனிதரை இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள்.

நான் இந்த முறை வந்து நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. ஒரு முறைகூட அதற்கு அவசியம் வரவில்லை. மதியத்துக்கு டப்பா மீன்குழம்பு. டப்பாவில் அடைக்கப்பட்ட மீனை, மீனுக்கு மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.


மேடை 7 – பதிவு 114
நவம்பர் 6, மாலை 16:00

காற்று 61. அழுத்தம் 994, குறைந்துகொண்டே இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து நீளமான அலைகள் வருகின்றன. பதினான்கு நொடிக்கு ஒன்று.

திருகோணமலைத் தரைநிலையத்தில் தயாபரன் பணியில் இருக்கிறார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். நேரில் பார்த்ததில்லை. அவரது குரல் மட்டும்தான் தெரியும்.

“தங்கச்சி, கேக்குதோ? இது நேர உங்கட தலைக்கு மேலால வருகுது. நாளைக்குக் காலமை.”

“தலைக்கு மேலேயாண்ணே? பக்கத்துல கூட இல்லையா?”

“மேலால எண்டுதான் மூண்டு கணினியும் சொல்லுது. மூழ்கு கலத்தை ஒருக்காப் பாத்து வைச்சிருங்கோ.”

மூழ்கு கலம் என்பது ஒரே ஒருவர் உட்காரக்கூடிய மீட்புக் கலம். மேடையின் கிழக்குப் பக்கம் இரண்டு இரும்புக் கைகளில் தொங்குகிறது. கடலில் விழுந்ததும் நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் போய், அலைக்கு அடியிலேயே நகர்ந்து கரைசேர்ந்துவிடும். ஆனால் காற்று எழுபதைத் தாண்டிவிட்டால் அதை இறக்க முடியாது. மேடையிலேயே அடித்து நொறுங்கிவிடும். இப்போது காற்று அறுபத்தொன்று. இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பினால் உண்டு.

புயல் போய்ச் சேரும் இடம் வடக்குக் கழிமுகம், காப்பு வட்டம் 31. அங்கே பதிவாகியிருப்பவர்கள் அறுபத்திரண்டு லட்சம் பேர். நான் கிளம்பிவிட்டால் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

கலத்தைச் சோதித்தேன். மின்கலம் நூறு சதவீதம். காற்றுப்பை சரி. உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

17:05. காற்று 73. இனி இறக்க முடியாது. தீர்மானித்து இருந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. தீர்மானிக்காமலே நேரம் போய்விட்டது.


மேடை 7 – பதிவு 115
நவம்பர் 7, காலை 06:00

காற்று 148. அழுத்தம் 969.6. சாட்சிக் கணக்கு தொடங்கிவிட்டது.

மேடை எட்டு பாகைக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல்களுக்கு இரும்புப் பலகை போட்டாயிற்று. வெளியே விடிந்திருக்க வேண்டும். பலகையின் இடுக்கில் சாம்பல் நிறம் தெரிகிறது.

இரண்டு முறை வாந்தி. காப்பி குடித்தேன், அதுவும் நிற்கவில்லை.


07:00 – சாட்சி மணி 1

அழுத்தம் 962. காற்று 171. நாடி 104. கையெழுத்திட்டேன்.

06:38க்கு இரண்டாம் சங்கிலி அறுந்தது. சத்தமாகக் கேட்கவில்லை. உள்ளங்காலில் ஒரு அடி விழுந்தது போல இருந்தது. பிறகு மேடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. ஐந்து சங்கிலிகள் மீதம்.

எல்லாம் கட்டிவைத்திருக்கிறேன். கத்தரிக்கோல், பேனா, தட்டு, எல்லாம். நாற்காலியோடு என்னையும்.


08:00 – சாட்சி மணி 2

அழுத்தம் 957. காற்று 184. நாடி 111. கையெழுத்திட்டேன்.

திருகோணமலையிலிருந்து செய்தி. கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

“தங்கச்சி, ஒரு விசயம். மறைக்க விருப்பமில்லை. பெரிய பங்கு போடுற நாடு ஒண்டு இண்டைக்குக் காலமை உடன்படிக்கையை விட்டு வெளிக்கிட்டிட்டுது.”

“வெளியேறிருச்சா? இன்னைக்கா?”

“ஓம். அங்க தேர்தல் முடிஞ்சு புது அரசாங்கம். வட்டம் முப்பத்தொண்டுக்கு வேண்டிய காசில நூற்றுக்கு முப்பத்தெட்டு அவையளின்ரை பங்கு. அது இல்லாமல் விடுவிக்க ஏலாது. உடன்படிக்கை நாடுகளின்ரை அவை கூடியிருக்கு. மற்ற நாடுகள் அந்தக் குறையை நிரப்பலாம், பன்னிரண்டு மணிக்குள்ள.”

“நிரப்பலைன்னா?”

இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அவர் மூச்சுவிடுவது கேட்டது.

“நிரப்பலைன்னா நா இங்கன எதுக்குண்ணே இருக்கேன்?”

“தெரியேல்ல, தங்கச்சி.”


08:35 – அட்டவணையில் இல்லாத பதிவு

எழுதிக்கொண்டிருந்தால் சங்கிலிகளை எண்ணாமல் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயதில் ஒரு புயலில் அப்பாவும் இன்னும் பதினாறு பேரும் போன படகுகள் திரும்பி வரவில்லை. அது கூட்டுக் காப்பு தொடங்கி இரண்டாவது வருடம்; அப்போதெல்லாம் பணம் புயலுக்குப் பிறகுதான் வரும். ஒன்பதாம் நாள் அம்மாவின் கைபேசி மணியடித்தது. பணம் வந்திருந்தது. எந்தெந்த நாட்டுப் பங்கு என்று செய்தியில் கீழே போட்டிருந்தார்கள். அப்போது அப்படிப் போடும் வழக்கம் இருந்தது. மூன்று பெயர்கள். ஒன்று ஜப்பான். ஒன்று கானா. மூன்றாவது லித்துவேனியா. அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. லிட்டுவாணி, லிட்டுவாணி என்றாள். “எங்க இருக்குன்னு தெரியல, யாரு பெத்த பிள்ளைகளோ, நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, நாலு மாதமாகக் கட்டாமல் கிடந்த அரிசிக்கடைக் கடனைப் போய்த் தீர்த்தாள். நான் பள்ளிக்கூடத்தைவிட்டு நிற்கவில்லை. கருவாடு காயப்போடப் போகவில்லை. கடலைப் பற்றிப் படித்தேன்.

பிறகு அந்தப் பெயர்களைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். கொடுக்கிற நாடுகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம்.

மூன்றாம் சங்கிலியின் இழுவிசை சிவப்பில் இருக்கிறது.

எனக்கு அப்பாவை நினைத்தால் அழுகை வருவதில்லை. பயம்தான் வருகிறது. கடைசியில் அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்ற பயம்.


09:00 – சாட்சி மணி 3

அழுத்தம் 949. காற்று 203. நாடி 118. கையெழுத்திட்டேன்.

08:52க்கு மூன்றாம் சங்கிலி போனது. நான்கு மீதம். சாய்வு பதினைந்து பாகை. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. முழங்கால் உயரம். இரண்டு பம்புகளில் ஒன்று ஓடுகிறது.

“ஒவ்வொண்டாய் வருகுது, தங்கச்சி. நேபாளம் தந்திருக்கு. உருகுவே தந்திருக்கு. ருவாண்டா. லித்துவேனியா. முப்பத்தெட்டில பதினாலு நிரம்பியிட்டுது.”

“இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே. கடேசியா சொன்னது.”

“லித்துவேனியா. ஏன், என்ன?”

“ஒண்ணுமில்ல.”


10:00 – சாட்சி மணி 4

அழுத்தம் 938. காற்று 219, பிறகு காற்றுமானி உடைந்துவிட்டது. நாடி 127. கையெழுத்திட்டேன்.

கூரையில் ஏதோ கழன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.


10:11

காற்று நின்றுவிட்டது.

குறைந்ததாக எழுதவில்லை. நின்றுவிட்டது. காது அடைத்துக்கொண்டது போல இருக்கிறது. அழுத்தம் 929. நான் புயலின் கண்ணுக்குள் இருக்கிறேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். தலைக்கு மேலே நீல வானம், வெயில். சுற்றிலும் எல்லாத் திசையிலும் வெள்ளைச் சுவர். தளம் முழுக்கப் பறவைகள். சிறகை ஒடுக்கிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. காலை வைக்க இடமில்லை. நான் நடந்தபோது ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒன்றைக் கையால் நகர்த்தினேன். அது செத்திருந்தது.

கடல் மட்டும் நிற்கவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் அலைகள் மோதிக் கூம்பு கூம்பாக எழும்புகின்றன.

“தங்கச்சி, கவனமாய்க் கேளுங்கோ. உங்களுக்கு நாற்பது நிமிசம் இருக்கு. அவ்வளவுதான். கண்ணைக் கடந்தால் மற்றச் சுவர், அது இதைவிடப் பலம். மூழ்கு கலத்தை இறக்கலாம், இப்ப ஏலும்.”

“எவ்வளவு நிரம்பிச்சு?”

“இருபத்தாறு. இன்னும் பன்னிரண்டு வேணும். அவையில ஒரு தீர்மானம் வைச்சிருக்கினம். காசு முழுக்க நிரம்பினால், மிச்ச ரெண்டு மணித்தியாலச் சாட்சியைத் தள்ளுபடி செய்யிறது எண்டு. வாக்கெடுப்பு இன்னும் நடக்கேல்ல.”

“நாப்பது நிமிசத்துல நடக்குமா?”

“எனக்கு நம்பிக்கை இல்லை. நான் சொல்லுறன், நீங்கள் வெளிக்கிடுங்கோ. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம்.”

10:19. கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மூடியைச் சாத்திவிட்டேன். இதைக் கைப்பதிவியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இறக்கும் பொத்தான் என் வலது முழங்காலுக்கு அருகில் இருக்கிறது. சிவப்பு. அதன் மேல் ஒரு கண்ணாடி மூடி. கண்ணாடியைத் தூக்கிவிட்டேன்.

இது சரியான முடிவு. ஒரு உயிர் இருந்தால்தான் அடுத்த புயலுக்குச் சாட்சி சொல்ல முடியும். இதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

10:24. இன்னும் அழுத்தவில்லை.

“தங்கச்சி, வெளிக்கிட்டாச்சோ?”

“இல்ல.”

“கழிமுகத்திலயிருந்து ஒரு அழைப்பு வந்துகொண்டே இருக்கு. அங்க படகுத்துறையில ஆக்களை ஒழுங்குபடுத்துற பொம்பிளை. ஷெஃபாலி எண்டு பேர். உங்களிட்டைக் குடுக்கவேண்டாம் எண்டுதான் நினைச்சன். மேடையில இருக்கிறவரோட கதைக்கவேணும் எண்டு நிக்கிறா.”

“குடுங்க.”

பொம்பளைக் குரல், நடுத்தர வயது இருக்கும். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம். அவள் பேச்சை இயந்திரம் தமிழாக்கிச் சொன்னது. இயந்திரக் குரலுக்குப் பதற்றம் கிடையாது.

“வணக்கம். இந்தத் துறையில் நாலாயிரம் பேர் நிற்கிறார்கள். படகுகள் இருக்கின்றன. படகுக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் எரிபொருளுக்குக் காசு வேண்டும், அவர்களிடமும் இல்லை. பணம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். நான் அவர்களிடம் என்ன நேரம் சொல்வது?”

“பன்னெண்டு மணின்னு சொல்லுங்க” என்றேன்.

“மதியம் பன்னிரண்டா?”

“ஆமா. பன்னெண்டு. யாரையும் திரும்பிப் போகவிடாதீங்க.”

“சரி. அப்படியே சொல்கிறேன். நன்றி.”

அவள் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

10:33. கலத்தின் மூடியைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். அவர்களுக்காக உயிரைக் கொடுக்க வந்தேன் என்று யாரும் எழுதவேண்டாம். வாய் தவறி ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டேன். நாலாயிரம் பேர் அந்த நேரத்தை நம்பி நிற்கிறார்கள். திரும்பி உள்ளே வரும்போது தளத்தில் பறவைகளுக்கு நடுவே தவழ்ந்துதான் வந்தேன்.

10:40. தயாபரன் என்னை அவையோடு இணைக்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். பேச எதுவும் தயார் செய்யவில்லை. நூற்றுப் பதினேழு நாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நா மேடை ஏழுலேருந்து பேசுறேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. பன்னெண்டு மணிக்குப் பணம் வரும்னு அந்தம்மாட்ட சொல்லிட்டேன். என் பங்கு ரெண்டு மணி நேரம், அத நா இருந்து முடிக்கப் பாக்குறேன். மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க. அவ்வளவுதான்.”

பிறகு ஒரு பெண் பேசினாள். ஒலிமானு நாட்டுப் பிரதிநிதி, பெயர் மெரெலீ. ஒலிமானு பசிபிக் தீவு. பதினான்கு வருடங்களுக்கு முன்பு கடலுக்குள் போய்விட்டது. அதன் மக்கள் ஒன்பதாயிரம் பேர் வேறு நாடுகளில் கூட்டுக் காப்புப் பணத்தில் வாழ்கிறார்கள். அவையில் இருக்கை மட்டும் இன்னும் இருக்கிறது.

“நோக்கர் அவர்களே, எங்களுக்கு நிலம் இல்லை. எங்கள் மக்களுக்கு வரவேண்டிய அடுத்த ஆண்டின் பங்கில் பாதி இருக்கிறது. அது மிகச் சிறியது. அதை இப்போது வைக்கிறேன். என் மக்கள் என்மேல் கோபப்படுவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

10:47. தெற்குச் சுவர் நெருங்கிவிட்டது. ஒரு லாரி வருகிற மாதிரி சத்தம். ஆயிரம் லாரி. பறவைகள் முதல் முறையாகத் தலையைத் தூக்குகின்றன.


11:00 – சாட்சி மணி 5

அழுத்தம் 936. நாடி 139. கையெழுத்திட்டேன். திரையில் விரல் வைக்க மூன்று முறை முயன்றேன்.

காற்று இப்போது எதிர்த்திசையிலிருந்து அடிக்கிறது. இதுவரை இழுபட்ட சங்கிலிகள் தளர்ந்து, தளர்ந்திருந்தவை இழுபடுகின்றன. 10:55க்கு மூழ்கு கலம் போய்விட்டது. இரும்புக் கைகளோடு. ஜன்னல் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு முறை தெரிந்தது.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. விசித்திரம், அதில் ஒரு நிம்மதி. ஒரு நிமிடம்தான் இருந்தது. இப்போது இல்லை.

“தங்கச்சி, முப்பத்தொண்டு. ஒலிமானு வைச்சாப்பிறகு ஒருத்தராலயும் சும்மா இருக்க முடியேல்ல. கேக்குதோ? முப்பத்தொண்டு. இன்னும் ஏழு.”

கேட்டது. பதில் சொல்லப் போனேன், வாயில் ரத்தம். நாக்கைக் கடித்திருக்கிறேன்.


11:30

இரண்டாவது பம்பும் நின்றுவிட்டது. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மேடை அடியில் கனத்துப்போய் மெதுவாக எழும்புகிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாக. ஐந்தாம் சங்கிலி அறுந்துவிட்டது. மூன்று.

அவை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. இணைப்பு விட்டு விட்டு வருகிறது. ஒரு சொல் கேட்கிறது, பத்து சொல் போகிறது. “முப்பத்தாறு” என்று கேட்டது போல இருந்தது. இருபத்தாறாகவும் இருக்கலாம்.

யாராவது ஒரு கையைப் பிடித்துக்கொண்டால் போதும். யாராக இருந்தாலும்.


12:00 – சாட்சி மணி 6

அழுத்தம் 948. நாடி 143. கையெழுத்திட்டேன்.

சாட்சி நிறைவு என்று திரையில் வந்தது. பச்சை எழுத்து. அதன் கீழே நிதி நிலை என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்படியே இருந்தது. நான் எண்ணினேன். எழுபத்தொன்று வரை எண்ணினேன். பிறகு அதுவும் பச்சையானது.

12:03க்கு தயாபரன். அழுதுகொண்டே பேசினார்.

“நிரம்பியிட்டுது. பதினொண்டு அம்பத்தெட்டுக்கு நிரம்பியிட்டுது. கடைசித் துண்டை ஆர் போட்டது தெரியுமோ? வெளிக்கிட்டுப் போன நாட்டுக்குள்ள இருக்கிற ஒரு நகரசபை. அரசாங்கம் இல்லை, ஒரு நகரசபை. தாங்கள் தனிய போடுறம் எண்டு எழுதியிருக்கினம். இருங்கோ, இருங்கோ, இதைக் கேளுங்கோ.”

அவர் படகுத்துறையை இணைத்தார். முதலில் எனக்கு என்னவென்று புரியவில்லை. மணிச் சத்தம். நூறு, ஆயிரம் கைபேசிகள், வேறு வேறு ராகத்தில், எல்லாம் ஒரே நேரத்தில். நடுவில் ஷெஃபாலி கத்துகிறாள். இயந்திரம் அதை அமைதியாகச் சொன்னது:

“பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். பன்னிரண்டு மணி மூன்று நிமிடம். படகுகள் இயங்குகின்றன.”

நான் நாற்காலியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிரித்தேன். பிறகு மேடை சாய்ந்தது. பழையபடி பயம் வந்துவிட்டது.


13:10

நான்காம் சங்கிலி போனது. இரண்டு மீதம். ஒன்றும் ஆறும். சாய்வு இருபத்து மூன்று பாகை, நிமிர்வதில்லை.

காற்று இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அழுத்தம் 951. ஒரு மணி நேரமாக அதே எண்.

“தங்கச்சி, உங்களுக்குக் கப்பல் ஒண்டு வருகுது. இருபது மணித்தியாலம் ஆகும்.”

“சரிண்ணே.”

“வேறயும் ஒரு செய்தி இருக்கு. நான் ஒண்டும் கேக்கேல்ல. செய்தியை மட்டும் சொல்லுறன்.”

“சொல்லுங்க.”

“புயல் நிண்டிட்டுது. நகரேல்ல. வளையப் பாக்குது. வடக்குக் கழிமுகத்துக்கு அதின்ரை பலத்தில பாதிதான் போகும். மிச்சம் கிழக்குக் கரைக்கு. அங்க முகாம்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஆக்கள். வட்டம் முப்பத்துநாலு, பத்தொன்பது லட்சம் பேர். அது வேற வட்டம். அந்தக் கரைக்கு முதல்லயிருந்து ஆறு மணித்தியாலம் வேணுமாம்.”

“இப்ப முடிச்ச ஆறு மணி நேரம் செல்லாதா?”

“செல்லாதாம். கேட்டுப்பாத்தன். விதி எண்டு சொல்லுகினம்.”

நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை எழுதவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“காசு இருக்காண்ணே அதுக்கு?”

“இல்லை. எல்லாரும் துடைச்சுக் குடுத்திட்டினம். ஆனால் அவை இன்னும் எழும்பேல்ல. ஒருத்தரும் வீட்ட போகேல்ல. உங்கட பதிவு அங்க பெரிய திரையில ஓடுது. நீங்கள் எழுதுறதை எழுத்தெழுத்தாய்ப் பாத்துக்கொண்டு இருக்கினம். நீங்கள் கணக்கைத் தொடங்கினால் தாங்களும் காசு சேர்க்கத் தொடங்குவினமாம்.”

“நா தொடங்கலைன்னா?”

“அப்ப எழும்பிப் போயிடுவினம்.”

அதன் பிறகு இணைப்பு போய்விட்டது. எழுத்து மட்டும் போகிறது. குரல் வரவில்லை.


13:30

வட்டம் 34க்குச் சாட்சிக் கணக்கைத் தொடங்கினேன்.

எப்படியும் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் தொடங்காமலும் இருந்திருக்கலாம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், மிதவை அங்கியைப் போட்டுக்கொண்டு குதித்திருக்கலாம். அது பற்றி நிறைய யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். அங்கி என் மடியில் இருக்கிறது. அதைப் போட்டால் பட்டையைக் கழற்ற வேண்டும், கை நுழையாது.

படிக்கட்டின் நான்காவது படிவரை தண்ணீர். கறுப்பாக இருக்கிறது. அதில் ஒரு பறவை மிதக்கிறது.


14:05

கட்டுப்பாட்டு அறையின் விளக்குகள் போயின. திரை மட்டும். படிக்கட்டில் ஏழாவது படி. மொத்தம் பதினொரு படி.

அவையில் இருப்பவர்களே, படிக்கிறீர்கள் என்று தெரியும். மெரெலீ, நீங்கள் இருக்கிறீர்களா. உங்கள் தீவு மூழ்கியபோது கடைசியாகக் கிளம்பியவர் யார். அவருக்கும் இப்படித்தான் இருந்ததா. கேட்கவேண்டும் என்று தோன்றியது. பதில் வராது, பரவாயில்லை.

அம்மாவிடம் யாராவது நான் தூங்கும்போது நடந்தது என்று சொல்லுங்கள்.


14:30 – சாட்சி மணி 1, வட்டம் 34

அழுத்தம் 950. நாடி 151. கையெழுத்திட்டேன்.

திரையில் நிதி நிலைக் கட்டம் அசைகிறது. பூச்சியம் இருந்த இடத்தில் இரண்டு சதவீதம். இப்போது மூன்று. யாரென்று தெரியவில்லை. மூன்றரை.

முதல் சங்கிலி போய்விட்டது. சாட்சிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் வேண்டும். ஆறாம் சங்கிலி ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கருவி கணக்குப் போட்டுக் காட்டுகிறது, மணியும் நிமிடமுமாக. விதிப்படி அந்த எண்ணை இங்கே குறிக்க வேண்டும்.

குறிக்கவில்லை. குறித்தால் நீங்கள் படித்துவிடுவீர்கள்.